தந்தையின் முகத்துக்கு அஞ்சிய மாவீரன்

சலாமிஸ் நாட்டு ஏஜாக்ஸின் வாழ்வும் குடும்பமும்

கிரேக்க நாட்டின் பழங்கதைகளிலே சிறிதளவேனும் பழகியோர் ட்ரோய் நகரப் போரை அறியாதிருத்தல் இயலாது. அப்போரிலே கிரேக்கர் பக்கத்து வீரருள் முதல்வன் அக்கிலீஸ் என்பதும், சூழ்ச்சித் திறத்திலே வல்லவன் ஒடிசியஸ் என்பதும் பள்ளி மாணவரும் அறிந்த செய்திகளாம். ஆயின், இவ்விருவருக்கும் இடையே மலைபோல் நின்ற மற்றொருவனைப் பலரும் மறந்து விடுகின்றனர். அவனே சலாமிஸ் தீவின் அரசன் தெலமோனுடைய மகனாகிய ஏஜாக்ஸ்.

பகைவரின் வாளுக்கும் வேலுக்கும் அஞ்சாத இவ்வீரன் அஞ்சியது ஒன்றே ஒன்றுக்குத்தான். புகழின்றி வெறுங்கையனாய் வீடு திரும்பி, முதுமையடைந்த தந்தையின் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்பதே அந்த அச்சம். அவ்வச்சமே அவன் உயிரைக் குடித்தது. அது மட்டுமன்று, அவன் இறந்த பின் அவனுடைய தம்பியையும் நாடற்றவனாக்கியது. போர்க்களக் கதையாகத் தோன்றும் ஏஜாக்ஸின் வரலாறு, உண்மையிலே பாட்டன், தந்தை, மக்கள் என மூன்று தலைமுறையைத் தொடர்ந்து வந்த ஒரு குடும்பத்தின் கதையாகும்.

கதையினுட் புகுமுன் மாணவர் மனங்கொள்ள வேண்டிய குறிப்பொன்று உண்டு. ட்ரோய்ப் போரிலே ஏஜாக்ஸ் என்னும் பெயருடையார் இருவர் இருந்தனர். மற்றவன் லோக்ரிஸ் நாட்டு ஒய்லியஸின் மகன், உருவத்திலே சிறியவன். அவனைச் சிறிய ஏஜாக்ஸ் என்றும், தெலமோனின் மகனைப் பெரிய ஏஜாக்ஸ் என்றும் வழங்குவர். நாம் இங்கே கூறுவது பெரியவனின் கதை.

பாட்டன் விதித்த தண்டனை

ஏஜாக்ஸின் பாட்டன் பெயர் ஈயாக்கஸ். அவன் ஈஜினா என்னும் தீவின் அரசன். தேவர் தலைவனாகிய சியூஸின் புதல்வன். நீதி தவறாமையிலே அவனுக்கு இணையானவர் இலர் எனக் கிரேக்கர் போற்றினர். நாட்டிலே மழை பொய்த்து வறட்சி வந்தபோது அவனைக் கொண்டே தெய்வத்தை வேண்டுவித்தனர் என்பர். இறந்த பின்னரும் அவன் பாதாள உலகிலே நீதிபதிகளுள் ஒருவனாய் அமர்ந்தான் என்பது அவர்தம் நம்பிக்கை.

இத்தகைய நீதிமானுக்கு மூன்று புதல்வர். பெலியஸ், தெலமோன் என்னும் இருவரும் பட்டத்தரசியின் வயிற்றிலே பிறந்தோர். மூன்றாமவனாகிய போக்கஸ் ஒரு கடற்கன்னியின் மகன். விளையாட்டுகளில் அவன் தமையன்மாரை வென்று நின்றமையால் அவர் நெஞ்சிலே பொறாமை மூண்டது. ஒரு நாள் அவர்கள் எறிந்த வட்டு அவன் தலையிலே பட, அவன் மாண்டான். எறிந்தவன் தெலமோன் என்று சிலரும், பெலியஸ் என்று சிலரும் கூறுவர். எவனாயினும், குற்றம் இருவரையும் சேர்ந்ததே.

நீதிமான் தன் மக்கள் என்று பார்க்கவில்லை. இருவரையும் நாட்டை விட்டு ஓட்டினான். தான் குற்றமற்றவன் என்று தூதனுப்பினான் தெலமோன். ஈஜினா மண்ணிலே கால் வைக்க அவனுக்கு அனுமதி இல்லை. விரும்பினால் கடலிலே நின்று வழக்குரைக்கலாம் என்றான் தந்தை. தெலமோன் இரவோடிரவாகத் துறைமுகத்திலே கற்களைக் கொட்டி அணையொன்று கட்டி, அதன்மேல் நின்று வாதாடினான் எனப் பவுசானியஸ் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதியுள்ளார். வாதம் பலிக்கவில்லை. தண்டனை உறுதியாயிற்று.

தெலமோன் அயலிலிருந்த சலாமிஸ் தீவிலே புகலடைந்தான். மைந்தரில்லாத அந்நாட்டு மன்னன் தன் அரசை அவனுக்கு விட்டுச் சென்றான். பெலியஸ் வடக்கே பிதியா நாட்டை அடைந்து, தெத்திஸ் என்னும் கடல் தேவதையை மணந்தான். அவர்களுக்குப் பிறந்தவனே அக்கிலீஸ். எனவே, அக்கிலீசும் ஏஜாக்சும் ஒரு பாட்டனின் பேரர்கள். நம்மவர் முறைப்படி சொன்னால் தமையன் தம்பி முறையினர். ட்ரோய்ப் படையிலே முதல் வீரனும் இரண்டாம் வீரனும் ஒரே குடியிலிருந்து வந்தமை கருதத்தக்கது.

கழுகின் பெயர் பெற்ற குழந்தை

சலாமிஸில் அரசனான தெலமோன் பெரிபோயியா என்னும் மங்கையை மணந்தான். அவன் உற்ற நண்பன் மாவீரன் ஹெர்க்குலிஸ். ஒரு நாள் தெலமோனின் மாளிகைக்கு விருந்தாக வந்த ஹெர்க்குலிஸ், தான் போர்த்திருந்த சிங்கத்தோலைப் போன்று எதற்கும் ஈடுகொடுக்கும் மகனொருவனைத் தன் நண்பனுக்கு அருளுமாறு சியூஸை வேண்டினான். அவ்வேளையிலே பெரிய கழுகொன்று வானிலே தோன்றியது. கழுகைக் கிரேக்கர் ‘ஐயெற்றோஸ்’ என்பர். அதனை நற்சகுனமாகக் கொண்டு, பிறக்கவிருந்த பிள்ளைக்கு ‘அயாஸ்’ என்று பெயர் குறித்தான் ஹெர்க்குலிஸ். பிண்டார் என்னும் பெருங்கவிஞர் பாடிய செய்தி இது. அயாஸ் என்னும் அப்பெயரே இலத்தீன் மொழி வழியாக ஏஜாக்ஸ் என நம்மிடம் வந்துள்ளது.

ஹெர்க்குலிஸ் அன்று விருந்துண்ண மாத்திரம் வரவில்லை. ட்ரோய் நகரை அப்போது ஆண்ட லவோமெடோன், செய்த உதவிக்குப் பேசிய பரிசைக் கொடாது தன்னை ஏமாற்றியமையால் அவன்மேற் படையெடுக்கத் துணை தேடி வந்திருந்தான். தெலமோன் உடன் சென்றான். நகர மதிலை உடைத்து முதலில் உள்ளே புகுந்தவனும் அவனே. தனக்கு முன் ஒருவன் புகுவதா என்று ஹெர்க்குலிஸ் சினந்து வாளை உருவினான். அதனைக் கண்ட தெலமோன் உடனே குனிந்து கற்களைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினான். என்ன செய்கிறாய் என்ற வினாவுக்கு, வெற்றி வேந்தனாகிய ஹெர்க்குலிசுக்குப் பலிபீடம் அமைக்கிறேன் என்று விடையிறுத்தான். சினம் தணிந்தது, நட்பும் நிலைத்தது.

பகைவரின் மருமகன்

வெற்றிப் பரிசாகத் தெலமோனுக்குக் கிடைத்தவள் லவோமெடோனின் மகள் ஹெசியோனி. சிறைப்பட்டோருள் ஒருவரை மீட்டுக்கொள்ள அவளுக்கு உரிமை தரப்பட்டது. அவள் தன் தலையிலிருந்த முக்காட்டை விலையாகக் கொடுத்து இளைய சகோதரனை மீட்டாள். மீட்கப்பட்ட அச்சிறுவனே பின்னாளிலே பிரயாம் என்னும் பெயரோடு ட்ரோய் நகரை ஆண்ட முதிய மன்னன். அவன் மகனே ஹெக்டர்.

ஹெசியோனிக்கும் தெலமோனுக்கும் பிறந்த மகன் தியூசர். இவன் ஏஜாக்சுக்குத் தம்பி. தந்தை ஒருவன், தாயர் வேறு. இப்போது உறவு முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ட்ரோய் மன்னன் பிரயாம் தியூசருக்குத் தாய்மாமன். ஹெக்டர் அவனுக்கு மைத்துனன். தாய் பிறந்த நகரை எரிக்கத் தந்தை நாட்டுப் படையோடு செல்ல வேண்டிய நிலை அவனுக்கு. வென்றாலும் தோற்றாலும் அவன் உறவினரே மாள்வர்.

ஆயினும் தியூசரின் மனம் ஒருபோதும் இரண்டுபடவில்லை. அதற்குக் காரணம் அவன் தமையனே. வில்லாளனாகிய தியூசர் ஏஜாக்ஸின் பெரிய கேடயத்தின் பின்னே மறைந்து நிற்பான்; தமையன் கேடயத்தைச் சற்றே விலக்கும்போது வெளிப்பட்டு அம்பெய்வான்; எய்தவுடன் மீண்டும் கேடயத்தின் பின் ஒடுங்குவான். தாயின் சேலைக்குள் ஓடி ஒளியும் குழந்தையோடு இதனை ஒப்பிடுகின்றார் ஹோமர். ஹெக்டர் எறிந்த பாறை தோளிலே பட்டுத் தியூசர் விழுந்தபோது, அவனைக் கேடயத்தால் மறைத்துக் காத்து நின்றவனும் ஏஜாக்ஸே. மாற்றாள் மக்கள் என்ற வேறுபாடு இவ்விருவர் நெஞ்சிலும் இருந்ததில்லை.

மதில் போன்ற கேடயம்

ஏஜாக்ஸ் சலாமிஸிலிருந்து கொண்டு சென்ற கப்பல்கள் 12 மட்டுமே. அகமெம்னோனின் நூறு கப்பல்களோடு ஒப்பிட இது மிகச் சிறு தொகை. ஆயின் படையிலே அவன் பெற்ற மதிப்புக் கப்பற் கணக்கால் வந்ததன்று. மற்றையோரினும் ஒரு தலை உயர்ந்தவன், அகன்ற தோளினன். அவன் கேடயம் ஏழு எருத்துத் தோல்களை அடுக்கி, எட்டாவதாக வெண்கலத் தகடு வேய்ந்தது. தைக்கியஸ் என்னும் தோற்றொழிலாளி அதனைச் செய்தான் என அக்கைவினைஞன் பெயரையும் ஹோமர் மறவாது குறித்துள்ளார். அதனைத் தாங்கி ஏஜாக்ஸ் நடந்து வருவது ஒரு கோபுரம் நடந்து வருவது போலிருந்ததாம். கிரேக்கர் அவனைத் ‘தம் மதில்’ என்றே அழைத்தனர்.

மற்றைய வீரர் பலருக்குத் தெய்வத் துணை இருந்தது. அக்கிலீசுக்குத் தாயே தேவதை. ஒடிசியசுக்கு அதீனா தேவி. ட்ரோய் வீரர்க்கு அப்பொல்லோவும் அப்ரோடிற்றியும். ஏஜாக்சுக்கோ அவ்வாறு பக்கத்திலே நின்று அம்பை விலக்கிவிடத் தெய்வம் எதுவும் இல்லை. தன் தோளும் தன் கேடயமும் தம்பியுமே அவனுக்குத் துணை.

அவன் தாக்கும் வீரன் என்பதைக் காட்டிலும் காக்கும் வீரன் என்பதே பொருந்தும். அக்கிலீஸ் சினந்து ஒதுங்கியிருந்த காலத்திலே, பகைவர் கப்பல்களுக்குத் தீயிட வந்தபோது, கப்பலுக்குக் கப்பல் தாவி, 22 முழ நீளமுள்ள ஈட்டியால் அவரைத் தடுத்தவன் ஏஜாக்ஸ். பத்ரோக்கிளஸ் மாண்டபோது அவன் உடலைப் பகைவர் கவராது காத்தவனும் அவனே. அப்போது களமெங்கும் இருள் சூழ்ந்தது. உயிரைக் காக்குமாறு அவன் தெய்வத்தை வேண்டவில்லை. எம்மை அழிப்பதே உன் விருப்பமாயின், வெளிச்சத்திலேயாயினும் அழியவிடு என்னும் கருத்துப்பட வேண்டினான். அவன் மனப்பாங்கை அறிய இந்த ஒரு வேண்டுதலே போதும்.

பரிமாறிய பரிசுகள்

ஒரு நாள் ஹெக்டர், தன்னோடு தனித்துப் பொருத வல்லவன் யார் என்று கிரேக்கரை அறைகூவினான். ஒன்பது வீரர் எழுந்தனர். முதியவனாகிய நெஸ்டர் அகமெம்னோனின் தலைச்சீராவிலே திருவுளச் சீட்டுகளை இட்டுக் குலுக்க, ஏஜாக்ஸின் சீட்டு வெளியே விழுந்தது. ஹெக்டர் எறிந்த வேல் கேடயத்தின் ஆறு தோல்களை ஊடுருவி ஏழாவதிலே நின்றது. ஏஜாக்ஸ் எறிந்த வேலோ ஹெக்டரின் கேடயத்தையும் கவசத்தையும் துளைத்தது. பொழுது சாய்ந்தமையால் இரு பக்கத்துத் தூதரும் போரை நிறுத்தினர்.

பிரியும்போது இரு வீரரும் நண்பர்போல் பரிசுகள் மாற்றிக் கொண்டனர். வெள்ளிப் பூணிட்ட வாளொன்றை ஹெக்டர் கொடுத்தான். செந்நிற அரைக்கச்சையை ஏஜாக்ஸ் கொடுத்தான். வீரர்க்கு அழகான செய்கைதான். ஆயின் பகைவன் கொடுத்த பரிசு பரிசாகாது என்பது பின்னர் விளங்கிற்று. அந்தக் கச்சையாலே தேர்க்காலிற் கட்டப்பட்டு ஹெக்டர் மண்ணிலே இழுக்கப்பட்டான் எனச் சொபோக்கிளிஸ் தம் நாடகத்திலே கூறுகின்றார். அவன் கொடுத்த வாள் செய்த வேலையைப் பின்னே காண்போம்.

படைக்கலப் பிணக்கு

ஹெக்டருக்குப் பின் அக்கிலீசும் மாண்டான். அம்புமாரிக்கு நடுவே அவன் உடலைத் தோளிலே சுமந்து பாசறைக்குக் கொண்டு வந்தவன் ஏஜாக்ஸ். பின்னாலே பகைவரைத் தடுத்து நின்றவன் ஒடிசியஸ். இறந்தவனின் தெய்வப் படைக்கலங்களைச் சிறந்த வீரனுக்கு அளிக்க வேண்டுமென்று தெத்திஸ் கூறினாள். ஏஜாக்ஸும் ஒடிசியசும் உரிமை கேட்டனர்.

ஏஜாக்ஸ் கேட்டது பொன்னாசையாலன்று. இறந்தவன் அவன் குடியினன், முறையிலே சகோதரன். வீரத்திலே அக்கிலீசுக்கு அடுத்தவன் தானே என்பதும் யாவரும் ஒப்பிய செய்தி. ஆயின் தீர்ப்பு ஒடிசியஸ் பக்கம் சென்றது. சிறைப்பட்ட ட்ரோய் மக்களைக் கேட்டுத் தீர்த்தனர் என்பது ஒரு கதை. தலைவர்கள் மறைவாக இட்ட வாக்கினாலே தீர்ந்தது என்பது மற்றொரு கதை. பேச்சு வன்மையற்றவனின் பெருமையைப் பொய் மறைத்துவிட்டது என்று பிண்டார் வருந்துகின்றார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறரைக் காத்து நின்ற மதில் அன்றிரவு இடிந்தது. தன்னை அவமதித்த தலைவர்களைக் கொல்ல ஏஜாக்ஸ் வாளோடு புறப்பட்டான். அதீனா அவன் அறிவை மயக்கினாள். படையினர் கொள்ளையிட்டு வைத்திருந்த ஆடு மாடுகளை அகமெம்னோன் என்றும் மெனெலாவோஸ் என்றும் எண்ணி வெட்டினான். ஓர் ஆட்டுக்கடாவைத் தூணிலே கட்டி, அதுவே ஒடிசியஸ் என்று சவுக்கால் அடித்தான். பொழுது புலர்ந்தது, மயக்கம் தெளிந்தது. குருதி வெள்ளத்தினிடையே, செத்த விலங்குகளின் நடுவே, தான் அமர்ந்திருப்பதைக் கண்டான்.

இந்த நாளின் கதையையே கி. மு. 5 ஆம் நூற்றாண்டிலே ஏதென்ஸ் நகரத்துச் சொபோக்கிளிஸ் ‘ஏஜாக்ஸ்’ என்னும் நாடகமாக எழுதினார். அவர் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களுள் முழுமையாக இன்று நமக்குக் கிடைப்பன ஏழே. அவற்றுள் இதுவும் ஒன்று.

தெக்மெஸ்ஸாவின் வேண்டுகோள்

அந்நாடகத்திலே நம் நெஞ்சை உருக்குபவள் தெக்மெஸ்ஸா. அவள் பிரிஜிய நாட்டுத் தலைவனொருவனின் மகள். அவள் ஊரை அழித்து அவளைச் சிறைப்பிடித்து வந்தவன் ஏஜாக்ஸே. ஆயினும் காலப்போக்கிலே அவள் அவனுக்கு உண்மை மனைவியாகவே வாழ்ந்தாள். அவர்களுக்கு யூரிசக்கேஸ் என்னும் ஆண் குழந்தை உண்டு. அகன்ற கேடயம் என்பது அப்பெயரின் பொருள். தந்தையின் அடையாளமே மகனின் பெயராயிற்று.

மானம் இழந்த பின் வாழ்வதில்லை என்று ஏஜாக்ஸ் உறுதி கொண்டான். வீடு சென்றால் தந்தையின் முன் எப்படி நிற்பேன் என்பதே அவன் ஓயாத புலம்பல். ட்ரோய் நகரை முன்பு வென்று பெரும் பரிசோடு மீண்டவர் தந்தை. அதே நகரிலிருந்து அவர் மகன் வெறுங்கையோடு மீள்வதா?

தெக்மெஸ்ஸா அவனுடைய தந்தையையே சுட்டி வேண்டினாள். முதிய தந்தையைத் தனியே விட்டுச் செல்வது தகுமா? மகன் உயிரோடு திரும்ப வேண்டுமென்று நாள்தோறும் தெய்வத்தைத் தொழும் தாயை நினைக்க வேண்டாமா? தந்தையற்ற குழந்தை அன்பற்றோர் கையிலே வளர வேண்டுமா? தன் நாடும் பெற்றோரும் அழிந்த பின் தனக்கு அவனையன்றி வேறு கதி உண்டோ? இவ்வாறு அவள் கேட்டவற்றுக்கு அவனிடம் விடையில்லை. தந்தையின் புகழை அவன் எண்ணினான். தந்தையின் தனிமையை அவள் எண்ணினாள்.

அவன் மகனை வரவழைத்து, குருதி தோய்ந்த கைகளிலே ஏந்தினான். நல்லூழ் ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றிலும் அவன் தன்னைப் போலாக வேண்டுமென்று வாழ்த்தினான். கேடயத்தை அவனுக்கே உரியதாக்கி, அவனைக் காக்கும் பொறுப்பைத் தியூசருக்கு விட்டான். தியூசர் அப்போது வெளியே போரிலிருந்தான். அன்றொரு நாள் மட்டும் ஏஜாக்ஸைக் கூடாரத்தினுள் காத்தால் அவன் பிழைப்பான் என்று நிமித்திகன் கல்காஸ் தியூசரிடம் கூறினான். செய்தியோடு ஆள் விரைந்து வருமுன்னரே ஏஜாக்ஸ் கடற்கரைக்குச் சென்றுவிட்டான். ஹெக்டர் கொடுத்த வாளின் பிடியை மணலிலே ஆழ நட்டு, அதன்மேல் வீழ்ந்து மாண்டான். உடலை முதலிற் கண்டெடுத்தவள் தெக்மெஸ்ஸா. தன் மேலாடையைக் கழற்றி அதனைப் போர்த்தினாள்.

தம்பியின் கடமை

தமையன் சாவுக்குப் பிந்தி வந்து சேர்ந்தான் தியூசர். அவன் நெஞ்சிலே துயரத்தோடு அச்சமும் எழுந்தது. ஏஜாக்ஸ் இன்றி வீடு செல்லும் தன்னைத் தெலமோன் எப்படி வரவேற்பார்? சிறைப்பிடித்த பெண்ணின் மகன் கோழைத்தனத்தாலோ, அரசைக் கவரும் ஆசையாலோ தமையனைச் சாகவிட்டான் என்றல்லவா சொல்வார்? நற்செய்தி கேட்டபோதும் சிரித்தறியாத கிழவர் அவர் என்று தியூசர் எண்ணி வருந்துகின்றான்.

அவ்வேளை மெனெலாவோஸ் வந்து, துரோகியின் உடலை அடக்கம் செய்யலாகாது, பறவைகளுக்கு இரையாக விட வேண்டும் என்று ஆணையிட்டான். தியூசர் மறுத்தான். குழந்தை யூரிசக்கேஸைத் தந்தையின் உடலருகே அமர்த்தி, தன் மயிரிலும் தெக்மெஸ்ஸாவின் மயிரிலும் குழந்தையின் மயிரிலும் ஒவ்வொரு கற்றையை அவன் கையிலே கொடுத்து, எவர் இழுத்தாலும் எழும்பாதே என்று சொல்லிச் சென்றான். படைத்தலைவரின் ஆணைக்கு எதிரே அந்த உடலுக்குக் காவல் ஒரு சிறு குழந்தை.

பின்னர் அகமெம்னோன் வந்தான். சிறைப்பட்டவள் பெற்ற அடிமை மகன் என்று தியூசரை இகழ்ந்தான். இதே அகமெம்னோன்தான் ஹோமரின் காவியத்திலே, தியூசரின் வில்லாண்மையைப் புகழ்ந்து, தந்தைக்கும் படைக்கும் நீ ஒளியாக வேண்டும் என்று தட்டிக் கொடுத்தவன். தேவையுள்ள போது வீரன். தேவை தீர்ந்த போது அடிமை மகன். தியூசர் தளரவில்லை. மன்னனின் பாட்டனும் பிரிஜிய நாட்டவனே என்பதையும், அவன் தந்தை சொந்தச் சகோதரனுக்கே பிள்ளைகளின் ஊனைச் சமைத்துப் படைத்தவன் என்பதையும் நினைவூட்டி வாயடைக்கச் செய்தான்.

சண்டை முற்றும் நேரத்தில் எவரும் எதிர்பாராத ஒருவன் வந்தான். அவன் ஒடிசியஸ். ஏஜாக்ஸ் தன்னை வெறுத்தவன் என்பதை மறைக்காமல், ஆயினும் அக்கிலீசுக்கு அடுத்த வீரன் அவனே என்று ஒப்புக்கொண்டு, இறந்தோர்க்குரிய கடனை மறுப்பது தெய்வ நீதிக்கு மாறு என்று வாதாடினான். அடக்கம் நிகழ்ந்தது. ஏஜாக்ஸோ அவனை மன்னித்தானில்லை. ஒடிசியஸ் பின்னாளிலே பாதாள உலகு சென்று அவன் ஆவியைக் கண்டு சமாதான வார்த்தை சொன்னபோது, அது ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிச் சென்றுவிட்டது என ஹோமர் பாடியுள்ளார்.

கப்பலில் நின்று உரைத்த வழக்கு

தியூசர் அஞ்சியவாறே நடந்தது. போர் முடிந்து சலாமிஸை அடைந்தபோது தெலமோன் அவனைக் கரையிறங்க விடவில்லை. தமையனைக் காக்கத் தவறினாய் என்பது குற்றச்சாட்டு. தியூசர் கப்பலிலே நின்றபடியே, ஏஜாக்ஸின் சாவுக்குத் தான் காரணமன்று என்று தந்தைக்கு முறையிட்டான். பயனில்லை.

வாசகர்கள் இக்காட்சியை முன்னரே ஒரு முறை கண்டனர் அன்றோ! சகோதரன் இறந்த பழிக்காகக் கடலிலே நின்று தந்தைக்கு வழக்குரைத்துத் தோற்றவன் தெலமோன். முதுமையிலே அவனே கரையில் நின்று, அதே பழிக்காகத் தன் மகனைக் கடலிலே நிறுத்தினான். ஒரு வேறுபாடு உண்டு. தெலமோனின் கையிலே உண்மையாகவே இரத்தக்கறை இருந்தது, தியூசரோ குற்றமற்றவன். ஈயாக்கஸ் நீதியால் மகனைத் துரத்தினான். தெலமோன் துயரத்தால் துரத்தினான். தான் பட்டதை மறவாதவன் தன் பிள்ளைக்கு அதனைச் செய்திருக்க மாட்டான்.

இக்கதை ஏதென்ஸ் நகரத்துச் சட்டத்திலும் இடம் பெற்றது. பிரேயஸ் துறைமுகத்தருகே பிரெயாற்றிஸ் என்னும் இடத்தில் ஒரு நீதிமன்றம் இருந்தது. ஒரு கொலைக்காக நாடு கடத்தப்பட்டவன்மேல் வேறொரு கொலைக் குற்றம் சாட்டப்பட்டால், அவன் கரையிறங்காது படகிலே நின்று பேச, நீதிபதிகள் கரையிலிருந்து கேட்பர். அங்ஙனம் முதலிலே வழக்குரைத்தவன் தியூசர் என்று பவுசானியஸ் குறித்துள்ளார்.

துரத்தப்பட்ட தியூசர் கிழக்கே சைப்பிரஸ் தீவை அடைந்து நகரொன்றை அமைத்தான். தன்னை ஏற்காத நாட்டின் பெயரையே அதற்கு இட்டான். பாமாகுஸ்தா நகருக்கு அருகிலே அந்தச் சலாமிஸின் இடிபாடுகளை இன்றும் காணலாம். கி. மு. 4 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு புகழோடு ஆண்ட இவாகோரஸ் மன்னன் தன்னைத் தியூசரின் வழிவந்தவன் என்றே கூறிக்கொண்டான்.

குடும்பம் மீண்டும் கூடியது

யூரிசக்கேஸ் வளர்ந்து பெரியவனானான். அவனும் அவன் சகோதரன் பிலேயசும் சலாமிஸ் தீவை ஏதென்ஸ் மக்களுக்குக் கொடுத்து, அந்நாட்டிலே குடியேறினர் என்பது ஏதென்ஸ் மக்கள் கூறிய கதை. மெகாரா நகரோடு அத்தீவுக்காகப் பிணக்கு எழுந்தபோது சோலன் என்னும் சட்ட அறிஞர் இக்கதையையே சான்றாகக் காட்டினாராம். மராத்தன் போரிலே வென்ற மில்தியாதிஸ் பிலேயஸின் வழியினன் என்றும், அல்சிபியாதிஸ் யூரிசக்கேஸின் வழியினன் என்றும் பெருமை பேசப்பட்டது. கி. மு. 508 ஆம் ஆண்டளவில் கிளைஸ்தெனிஸ் ஏதென்ஸ் மக்களைப் பத்துக் குலங்களாக வகுத்தபோது, ஒரு குலத்துக்கு ஏஜாக்ஸின் பெயரே இடப்பட்டது. அயல் நாட்டவனாயினும் அயலவனும் நண்பனும் என்பதால் அவனைச் சேர்த்தனர் என வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகின்றார்.

கி. மு. 480 ஆம் ஆண்டிலே பாரசீகப் பேரரசின் கடற்படை சலாமிஸை நோக்கி வந்தது. போருக்கு முன் கிரேக்கர் செய்ததை ஹெரோடோட்டஸ் விவரித்துள்ளார். அவர்கள் சலாமிஸிலிருந்தே ஏஜாக்ஸையும் தெலமோனையும் துணைக்கு அழைத்தனர். ஈயாக்கஸையும் அவன் குடியினரையும் அழைத்து வர ஈஜினா தீவுக்கு ஒரு கப்பலையும் அனுப்பினர். தந்தையாலே துரத்தப்பட்ட தெலமோனும், துரத்திய ஈயாக்கஸும், தந்தைக்கு அஞ்சி மாண்ட ஏஜாக்ஸும் மக்களின் நம்பிக்கையிலே அன்று ஒரே கடலிலே ஒன்று கூடினர். வென்ற கிரேக்கர், கைப்பற்றிய பினீசியக் கப்பலொன்றை ஏஜாக்சுக்குக் காணிக்கையாக்கினர்.

இன்றும் அவன் பெயர் அழியவில்லை. 1900 ஆம் ஆண்டிலே ஆம்ஸ்டர்டாம் நகரில் தொடங்கிய காற்பந்துக் கழகம் அவன் பெயரையே தாங்கி நிற்கின்றது. கி. மு. 6 ஆம் நூற்றாண்டிலே எக்செக்கியாஸ் என்னும் குயவர் வரைந்த சாடியொன்று வத்திக்கன் அரும்பொருட் காட்சியகத்தில் உள்ளது. ஏஜாக்ஸும் அக்கிலீசும் போரிடையே குனிந்திருந்து காய் விளையாடுவதை அதிலே காணலாம். அக்கிலீசின் வாயருகே ‘நான்கு’ என்றும் ஏஜாக்ஸின் வாயருகே ‘மூன்று’ என்றும் எழுத்துகள் உள்ளன. விளையாட்டிலும் அவனுக்கு இரண்டாம் இடமே. அதே கலைஞர் வரைந்த மற்றொரு சாடி, தனியே குனிந்து வாளை மணலில் நடும் ஏஜாக்ஸைக் காட்டுகின்றது.

அமெரிக்க நாட்டிலே 2008 ஆம் ஆண்டு தொடக்கம் பிரையன் டோரிஸ் என்னும் நாடக இயக்குநர், போரிலிருந்து மீண்ட படையினர் முன்னும் அவர் குடும்பத்தார் முன்னும் சொபோக்கிளிஸின் இந்நாடகத்தை வாசிப்பித்து வருகின்றார். வாசிப்பு முடிந்ததும் படையினரும் மனைவியரும் எழுந்து தம் கதையைச் சொல்கின்றனர். இரவிலே உறங்காத கணவர், பேசாத தந்தையர், கூடாரத்தின் வாயிலிலே செய்வதறியாது நின்ற தெக்மெஸ்ஸாக்கள் இன்றும் உளர் என்பதே இதன் பொருள்.

ஏஜாக்ஸின் கதையிலே அவனைக் கொன்றது பகைவன் வாள் என்று சொல்லலாம்; தலைவரின் அநீதி என்றும் சொல்லலாம். ஆயின் அவன் வாய்விட்டுச் சொன்ன காரணம், வென்று வராவிடின் தந்தை தன்னை ஏற்கமாட்டார் என்பதே. தியூசருக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அவ்வச்சம் பொய்யன்று என்பதும் விளங்குகின்றது. போட்டியிலும் பரீட்சையிலும் தோற்று வரும் பிள்ளைக்கும் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்பதைப் பெற்றோர் சொல்லாமல் விட்டுவிடலாகாது. பிள்ளை தானாக அறிந்து கொள்ளும் என்று இருந்துவிட்டவர் தெலமோன். அறிந்து கொள்ளாத மகனோ கடற்கரைக்குப் போய்விட்டான்.